குண்டுப் புரளிக்குப் பிறகு பாடசாலையைத் திறப்பது எப்படி?

கேள்வி இதுதான். திருகோணமலை நகரத்தில் சுமார் 600 பிள்ளைகள் படிக்கும் ஒரு கலவன் பாடசாலை. வெள்ளிக்கிழமை காலை, உள்ளே குண்டு வைத்திருப்பதாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பிள்ளைகள் மைதானத்துக்கு இறக்கப்பட்டார்கள். அரை மணித்தியாலத்துக்குள் பெற்றோர் கேற்றை மொய்த்துவிட்டார்கள். பொலிசாரும் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினரும் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அறிவித்தார்கள். திங்கட்கிழமை பாடசாலை திறக்கிறது. அதிபர், ஆசிரியர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியோர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு வசனத்தைக் கைவிடுங்கள்: "ஒன்றும் நடக்கவில்லைத்தானே." குண்டு இருக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடினார்கள், அழுதார்கள், கேற்றுக்கு வெளியே தாய்மார் கத்துவதைக் கண்டார்கள், சிலர் தம்பி தங்கையைத் தேடி அலைந்தார்கள். அவ்வளவும் நடந்ததுதான். அதை நடக்காததாக்கிப் பேசும் பாடசாலையிடம் அடுத்த முறை பிள்ளை தன் பயத்தைச் சொல்ல வராது.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைய பெற்றோரில் பலர் யுத்த காலத்தில் பாடசாலை போனவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் சுனாமியாகக் கடல் வந்ததைக் கண்டவர்கள். 2006 ஜனவரி 2 அன்று நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை மறக்காதவர்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு பாடசாலைகள் மூடப்பட்டு, மே மாதம் திறந்தபோதும் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தவர்கள். அவர்கள் கேற்றில் பதறியதைக் கட்டுப்பாடு இல்லாத நடத்தை என்று பேசுவது நியாயமில்லை. பிள்ளைகள் பயத்தின் அளவைப் பெரியவர்களின் முகத்தில்தான் பார்க்கிறார்கள். எனவே பெற்றோரையும் ஆசிரியரையும் அமைதிப்படுத்துவதிலிருந்தே வேலை தொடங்குகிறது.

சனிக்கிழமை காலைக்குள் அதிபரின் பெயரில் ஒரு செய்தி போக வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் தேடினார்கள், முடிவு என்ன, பிள்ளைகள் எல்லோரும் பாதுகாப்பாக இருக்கிறார்களா, திங்கட்கிழமை எப்படி நடக்கும், அடுத்த செய்தி எப்போது வரும். "பயப்படத் தேவையில்லை" என்ற வசனம் வேண்டாம். அதை வாசித்து யாரும் பயத்தை விட்டதில்லை. மாதிரிக்கு:

"வெள்ளிக்கிழமை காலை 9.10க்குப் பாடசாலைக்கு ஒரு மிரட்டல் அழைப்பு வந்தது. 9.20க்குள் எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துக்கு வந்தார்கள். பொலிசார் எல்லாக் கட்டடங்களையும் சோதித்து, ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் யாருக்கும் காயம் இல்லை. திங்கள் வழமைபோல் 7.30க்குப் பாடசாலை தொடங்கும். பிள்ளையைக் கேற்றில் விடுங்கள், வகுப்பாசிரியர்கள் அங்கே நிற்பார்கள். ஞாயிறு மாலை 6 மணிக்கு மீண்டும் அறிவிப்போம்."

நேரங்களை உங்கள் பதிவுப்படி மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்தோடு சேர்த்து அதிபர் தன் குரலிலேயே ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்பட்டும். தெரிந்த குரலுக்கு எழுத்தைவிட வலு அதிகம். சிங்களம் பேசும் பெற்றோர் இருந்தால் அதே நேரத்தில் சிங்களத்திலும் போக வேண்டும். ஒரு மொழியில் முந்தியும் மற்ற மொழியில் பிந்தியும் போனால், அந்த இடைவெளிக்குள் கதை முளைத்துவிடும். ஸ்மார்ட் போன் இல்லாத வீடுகளுக்கு வகுப்பாசிரியர் நேரே அழைத்துச் சொல்லலாம். கோவில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சுருக்கமாக வாசிக்கச் செய்யலாம். தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். ஞாயிறு மாலை 6 மணிக்குப் புதிய தகவல் எதுவும் இல்லையென்றாலும், "புதிய தகவல் இல்லை, திங்கள் திட்டத்தில் மாற்றமில்லை" என்று சொன்ன நேரத்துக்கே அனுப்புங்கள். நேரம் தவறினால் அதுவே சந்தேகமாகிவிடும்.

வட்ஸ்அப் குழுக்களில் இதற்குள் மூன்று நான்கு குரல் பதிவுகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதப் போனால் வதந்தியை நீங்களே இன்னொரு முறை பரப்பியதாக முடியும். வகுப்புக் குழுக்களை இரண்டு நாட்களுக்கு நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் நிலைக்கு மாற்றி, கேள்விகளுக்கு ஒரேயொரு இலக்கத்தைக் கொடுங்கள். அந்தப் போனை இரண்டு பேர் முறை வைத்துப் பார்க்கட்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பகிர வேண்டாம் என்று கேளுங்கள். ஊடகங்களோடு பேசுவது ஒருவர் மட்டுமே, அதுவும் வலயக் கல்விப் பணிமனையோடு கதைத்த பிறகு. பிள்ளையை நிறுத்திப் பேட்டி எடுக்க எவரையும் விடாதீர்கள்.

திங்கள் காலை 6.20க்கு ஆசிரியர் கூட்டம், இருபது நிமிடம் போதும். வகுப்பில் என்ன சொல்வது என்பதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். எல்லா வகுப்பிலும் ஒரே விடயம் பேசப்பட வேண்டும். அதற்கு முன் ஆசிரியர்களிடம் ஒரு கேள்வியை வெளிப்படையாகக் கேளுங்கள்: இன்று வகுப்பை எதிர்கொள்ள யாருக்குக் கஷ்டமாக இருக்கிறது? வெள்ளிக்கிழமை நடுங்கியது பிள்ளைகள் மட்டுமில்லை. கை உயர்த்துகிற ரீச்சரை அன்று தனியே விடாமல் இன்னொருவரைச் சேர்த்து அனுப்புங்கள். கை உயர்த்தியதற்காகப் பின்னால் யாரும் பேசக்கூடாது. அதை அதிபரே அந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

கேற்றில் சீருடைக்காரர் கூட்டத்தை நிறுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன். பொலிசார் வீதிப் பக்கம் நிற்கட்டும். கேற்றுக்குள் பிள்ளை காணும் முதல் முகம் தன் வகுப்பாசிரியராக இருக்க வேண்டும். புத்தகப்பை சோதனை தேவை என்று பொலிசார் சொன்னால், 2019இல் பல பாடசாலைகளில் நடந்தது போலப் பெற்றோரும் ஆசிரியரும் முறை வைத்துச் செய்யலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பைக்கு 20 வினாடி என்றால் 600 பைக்கு 200 நிமிடம். ஒரு மேசை போட்டால் பிள்ளைகள் வீதியில் வரிசையாக நிற்பார்கள். பஸ்ஸும் ஆட்டோவும் போகும் தெருவில் அந்த வரிசைதான் உண்மையான ஆபத்து. ஐந்து மேசைகள் போட்டு, கேற்றை 6.45க்கே திறந்து, வரிசையை மதிலுக்கு உள்ளே வையுங்கள். பெண் பிள்ளைகளின் பையைப் பெண்களே பார்க்க வேண்டும். எல்லோருடைய பையும், ஆசிரியர்களின் பை உட்பட, ஒரே மாதிரிப் பார்க்கப்பட வேண்டும். முடியும் திகதியை முதல் நாளே அறிவியுங்கள். முடிவுத் திகதி இல்லாத சோதனை, ஆபத்து இன்னும் இருக்கிறது என்றுதான் பிள்ளைக்குச் சொல்லும்.

காலைக் கூட்டம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. வழமையான வழிபாடு, பாடசாலைக் கீதம், அதிபரின் நான்கு வசனம். வெள்ளிக்கிழமை எல்லோரும் நின்ற அதே மைதானத்தில், அதே வெயிலில், நீண்ட உரை வேண்டாம்.

முதற் பாடவேளைதான் அன்றைய நாளின் நடுநாயகம். நாற்பது நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் முதலில் நடந்ததை அந்தத் தாளில் உள்ளபடி, குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அடுத்து, "உங்களுக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்கிறார். இங்கே அவசரப்படக்கூடாது; அரை நிமிடம் யாரும் பேசாவிட்டாலும் காத்திருக்க வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகைதான். "ரீச்சர், திரும்பவும் வருமா?" இதற்கு "வரவே வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள், இன்னொரு புரளி அழைப்பு வந்தால் உங்கள் சொல் பொய்யாகிவிடும். "யாராவது திரும்பவும் போன் பண்ணக்கூடும். பண்ணினால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்" என்பது உண்மையான பதில். "யார் செய்தது?" என்ற கேள்விக்கு, "பொலிசார் விசாரிக்கிறார்கள், எங்களுக்கு இன்னும் தெரியாது." அதற்கு மேல் ஊகம் ஒரு சொல்லும் வேண்டாம். "நான் அழுதேன், எல்லோரும் சிரித்தார்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை விட்டுவிடாதீர்கள். பயத்தில் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும், உடம்பு அப்படித்தான் வேலை செய்யும் என்று முழு வகுப்புக்கும் விளக்குங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் உடம்புக்கு. இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி வைத்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. ஆறேழு தடவை போதும். வெளிமூச்சு நீளமாக இருந்தால்தான் இதயத் துடிப்பு தணியும். பிறகு பாடம். உண்மையான பாடம், லேசானதாக இருக்கட்டும். பரீட்சையும் புதிய அலகும் அன்று வேண்டாம். இரண்டாம் பாடவேளையிலிருந்து நேரசூசி அப்படியே நடக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த நாள்தான் பிள்ளைக்குப் பெரிய மருந்து.

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டுத் தீங்காக முடிபவை சில உண்டு. எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரும் என்ன கண்டார்கள், என்ன உணர்ந்தார்கள் என்று கட்டாயமாகச் சொல்லவைப்பது அதில் முதலாவது. அதிர்ச்சி நடந்த உடனேயே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதனால் பயன் இல்லை, சிலருக்குப் பாதிப்புக் கூடுகிறது. அமைதியாக இருந்த பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையின் கதையைக் கேட்டு அதைத் தன் கனவில் காணும். "வெள்ளிக்கிழமை நடந்ததை வரை", "கட்டுரை எழுது" என்பதும் இதே வகைதான். பிள்ளை தானாக வரைந்தால் வரையட்டும். வெளியிலிருந்து அமைப்புகள் உதவ வந்தால், நன்றி சொல்லி, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் ஊடாக வரச் சொல்லுங்கள். ஒருநாள் வந்து பதாகையோடு படம் எடுத்துப் போகிறவர்களால் பிள்ளைகளுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளநல முதலுதவி வழிகாட்டி சொல்வது மூன்றே வேலைகள்தான்: பார்ப்பது, கேட்பது, இணைத்துவிடுவது. வகுப்பாசிரியர் ஒருவரால் இம்மூன்றையும் செய்ய முடியும்.

எதைப் பார்ப்பது? ஆரம்பப் பிரிவில்: தாயின் சேலையை விடாமல் பிடிப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, காலையில் மட்டும் வயிற்றுவலி, குண்டு விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடுவது. ஆறாம் தரத்துக்கு மேல்: எரிச்சல், தூக்கமின்மை, மறதி, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது. பெரிய ஆண் பிள்ளைகளில் இது அலட்சியமாகவும் சண்டையாகவும் வெளிப்படும். அதைக் குழப்படி என்று தண்டித்தால் உள்ளே இருப்பது வெளியே வராது. முதல் இரண்டு வாரங்களில் இவையெல்லாம் சாதாரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு வாரத்துக்குள் தானாகக் குறையும். படுக்கையை நனைத்த பிள்ளையைத் திட்டவேண்டாம், அடிக்கவேண்டாம் என்று தாய்மாருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பதகளிப்புக்கு என்று வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது, பாடசாலைக்கே வர மறுக்கிறது என்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். சாக வேண்டும் என்று பேசினாலோ தன்னைக் காயப்படுத்தினாலோ அன்றே, பொறுத்திராமல் அனுப்புங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அம்புலன்ஸ் 1990. இம்மூன்றையும் ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் உட்பக்கமும் ஒட்டுங்கள். யுத்தத்திலோ சுனாமியிலோ உறவை இழந்த வீட்டுப் பிள்ளைகள், மைதானத்தில் தனித்துப்போன பிள்ளைகள், பொருள் இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்துக்கு அருகே இருந்தவர்கள், விசேட தேவையுள்ளவர்கள் ஆகியோரின் பெயர்களை வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் ஒரு பட்டியலாக வைத்திருக்கட்டும். அது அவருக்கும் அதிபருக்கும் மட்டுமே தெரிய வேண்டும்.

சத்தங்களைப் பற்றி யோசியுங்கள். வெள்ளிக்கிழமை எந்த மணியை விடாமல் அடித்துப் பிள்ளைகளை வெளியேற்றினீர்களோ, அதே மணிதான் பாடவேளைக்கும் அடிக்கிறது என்றால், ஒவ்வொரு நாற்பது நிமிடத்துக்கும் 600 பிள்ளைகள் திடுக்கிடுவார்கள். அவசரத்துக்கு வேறு ஒலி வையுங்கள்: கையால் இயக்கும் சைரன், அல்லது நீண்ட விசில். கோவில் திருவிழா வெடி, கட்டட வேலைச் சத்தம் போன்றவை முன்கூட்டித் தெரிந்தால், "பத்து மணிக்கு வெடிச் சத்தம் கேட்கும், அது திருவிழாவுக்கு" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பெண் பிள்ளைகளிடம் அதிகம் நடப்பது. ஒருத்தி மூச்சு வாங்கி மயங்கினால் அடுத்தடுத்து ஐந்தாறு பேர் விழுவார்கள். நடிப்பு இல்லை, பயம் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. முதற் பிள்ளையை உடனே காற்றோட்டமான தனி அறைக்குக் கொண்டுபோங்கள், ஒரு ரீச்சரும் ஒரு தோழியும் போதும், கூட்டம் சேரவிடாதீர்கள். முகத்தில் கடதாசிப் பை பிடிக்க வேண்டாம். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் அது ஆபத்து. மெதுவாக மூச்சு விடச்சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டாலும், நினைவே தப்பினாலும், நெஞ்சு வலி என்றாலும் 1990.

யார் செய்தது என்ற பேச்சு எங்கள் ஊரில் இனத்தின் பக்கம் சாய அதிக நேரம் எடுக்காது. 2019க்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகளும் ஆசிரியைகளும் பட்ட பார்வை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் தமிழ்ப் பிள்ளைகள் சோதனைச் சாவடிகளில் பட்டதும் தெரியும். திங்கள் காலையே அதிபர் சொல்ல வேண்டும்: எந்தப் பிள்ளையையும், அதன் உடையையும், ஊரையும், மொழியையும் வைத்துக் கேலி செய்தால் அது ஒழுக்காற்று விடயம். சொன்னதை முதற் சம்பவத்திலேயே நடைமுறைப்படுத்த வேண்டும், இல்லையென்றால் சொல்லாமலே இருக்கலாம். விசாரணைக்காகப் பொலிசார் ஒரு பிள்ளையிடம் பேச வேண்டியிருந்தால், பெற்றோரோ பாதுகாவலரோ பக்கத்தில் இருக்க, அதிபரின் அறையில், சீருடை இல்லாமல் வருமாறு கேளுங்கள்.

வராத பிள்ளைகளை இடாப்பில் பாருங்கள். திங்கள் வராதவர் வீட்டுக்கு அன்று மாலையே ஒரு தொலைபேசி. புதனும் வரவில்லையென்றால் வகுப்பாசிரியரும் சங்கத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஏன் அனுப்பவில்லை என்று கேட்பதைவிட, "நாளைக்கு முதல் இரண்டு பாடவேளைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நீங்களும் விறாந்தையில் இருக்கலாம்" என்பது பலனளிக்கும். பயத்தால் வீட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் திரும்பி வருவதைக் கடினமாக்கும்.

பெற்றோர் கூட்டத்தை அந்த வாரத்துக்குள், மீனவக் குடும்பங்களுக்கும் கடை வைத்திருப்போருக்கும் ஏற்ற பின்னேரத்தில் வையுங்கள். முதல் அரை மணித்தியாலம் அவர்கள் பேசட்டும். கோபம் வரும். பெரும்பாலும் எல்லாக் கோபமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "என்ர பிள்ளை எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல." இதற்கு மன்னிப்பும் வேண்டும், திட்டமும் வேண்டும்.

திட்டம் என்பது பிள்ளையை ஒப்படைக்கும் முறைதான். வெள்ளிக்கிழமை குழம்பியது அங்கேதான். ஒரு பிள்ளையை ஒப்படைக்க அரை நிமிடம் என்றால், 600 பேரை ஒரே கேற்றில் ஒப்படைக்க ஐந்து மணித்தியாலம் ஆகும். கூட்டம் தள்ளாமல் என்ன செய்யும்? தரவாரியாக நான்கு மேசைகள் போட்டால் 75 நிமிடம். பெற்றோர் உள்ளே வர ஒரு வழி, பிள்ளையோடு வெளியேற இன்னொரு வழி. ஒவ்வொரு மேசையிலும் அந்தத் தரங்களின் இடாப்புப் பிரதி, அழைத்துப்போக அனுமதிக்கப்பட்ட மூவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். ஒப்படைக்கும்போது நேரமும் கையொப்பமும். பட்டியலில் இல்லாத சித்தப்பா வந்தாலும் பெற்றோருக்கு அழைத்துக் கேட்காமல் அனுப்பக்கூடாது. வான், ஆட்டோக்காரருக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒருவரே ஏற்றிக்கொண்டு போவதால், இங்கேதான் பிள்ளை "காணாமல்" போகும். சகோதரர்களைக் கடைசிப் பிள்ளையின் மேசையில் ஒன்றுசேர்ப்பது என்று தீர்மானித்துவிட்டால் தேடி ஓடும் வேலை இல்லை.

கூடும் இடத்தையும் திரும்பப் பாருங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்றோடு வெயில் எரிக்கும்போது நிழலில்லாத மைதானத்தில் ஒரு மணித்தியாலம் தாங்காது. மரநிழலோ, அருகிலுள்ள மண்டபமோ இரண்டாம் இடமாகப் பேசி வைத்திருக்க வேண்டும், எழுத்தில். குடிநீருக்கு, 600 பேருக்குத் தலா அரை லீற்றர் வீதம் 300 லீற்றர். 20 லீற்றர்ப் போத்தல் பதினைந்து. ஆஸ்துமாப் பம்ப், இன்சுலின், வலிப்பு மாத்திரை வைத்திருக்கும் பிள்ளைகளின் மருந்து வகுப்பில் பூட்டிக் கிடக்கக்கூடாது. வகுப்பாசிரியர் இடாப்போடு தூக்கிக்கொண்டு வரும் பையில் இருக்க வேண்டும்.

அழைத்தது உங்கள் பாடசாலைப் பிள்ளையே என்று தெரியவந்தால், பெயர் வெளியே போகாமல் காப்பதே முதல் வேலை. தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்தின் பின் இலங்கையில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளை மீது குற்றப் பொறுப்புச் சுமத்த முடியாது. அதற்கு மேற்பட்டவர் விடயத்தில் பொலிசாரோடும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரோடும் சேர்ந்து நடவுங்கள். பரீட்சைப் பயமா, வீட்டுப் பிரச்சினையா, யாரோ தூண்டினார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் மேடையேற்றி நிறுத்தினால் அந்தப் பிள்ளையை முற்றாக இழந்துவிடுவீர்கள்.

அவசரமாக வெளியேறும் ஒத்திகையை முதல் மூன்று வாரங்களுக்கு வைக்க வேண்டாம். நான்காம் வாரத்தில், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு நாள் முன்னரே அறிவித்து, புதிய ஒலியோடு, நடந்து போய் வரிசையில் நின்று பெயர் கூப்பிடுவது வரை மட்டும் செய்யுங்கள். போலி வெடிச் சத்தமும் நடிப்பும் தேவையில்லை. எத்தனை நிமிடத்தில் கடைசிப் பெயர் சரிபார்க்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் மேசைகளை வேறொரு நாளில், ஒரு தரத்துப் பெற்றோரை மட்டும் அழைத்துப் பரீட்சித்துப் பாருங்கள். எந்தத் தொலைபேசி இலக்கங்கள் மாறிவிட்டன என்பது அப்போதுதான் தெரியவரும்.